தோளுயரப் பட்டாணி

விதைக் கம்பெனியின் வண்ணப் புத்தகம் வந்து சேர்ந்தால் போதும், அந்த வீட்டு மருமகளுக்குத் தலைகால் புரியாது. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க வெள்ளைக் கோட்டு, அளந்த பேச்சு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கைதவறி ஒரு மாத்திரை மாறியது என்று அவளைப் பற்றி ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் குப்புறப் படுத்து, இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு, தக்காளிப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்றால், அவளிடம் இருமல் மருந்து வாங்குகிறவர்கள் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

"என்னங்க, இங்க பாருங்களேன். வரி வரியா தக்காளி. பச்சை மேல மஞ்சக் கோடு. பைஜாமா போட்டுக்கிட்டு நிக்குது!"

பக்கத்தில் படுத்திருந்த கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தவன், மனைவியின் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"இதோட பதினாறு வகை ஆச்சும்மா. நம்ம துண்டுல இருக்கறது நாலு பாத்தி. எட்டு பேர் ஏறுற லிஃப்ட்ல பதினாறு பேரை ஏத்தினா என்ன ஆகும் தெரியுமா? கதவு மூடாது. மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அடிக்கட்டும். இதைக் கேளுங்க. சின்ன விதைக்கு மேல களிமண் பூசி உருண்டையா அனுப்புறாங்களாம், விதைக்கறதுக்குச் சுலபமா இருக்கட்டும்னு. படத்துல அப்படியே மாத்திரை மாதிரியே இருக்குங்க!"

"உன் கண்ணுக்கு எல்லாமே மாத்திரைதான்" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காது கேட்டதுதான் பின்னால் வினையாக வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

துண்டு என்று அவர்கள் சொன்னது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்ட நிலத்தை. நகராட்சி அதைக் கூறு போட்டு, மாடிவீடுகளில் மண்ணைத் தொடாமல் இருக்கிறவர்களுக்கு வருஷ வாடகைக்கு விட்டிருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு தண்ணீர்க் குழாய்க்கு ஆறு பேர், ஒரு தகரக் கொட்டகை, வருஷத்துக்கு ஒரு கூட்டம். இவர்கள் துண்டு என்பது பேச்சுக்குத்தான். கையெழுத்து மாமனாருடையது.

அந்த மண்ணில் கால் வைத்தால் மருமகளுக்கு வயசு பாதியாகிவிடும். கடையில் எதிரே வந்து நிற்கிறவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வலிக்கும். தோட்டத்தில் ஒரு முட்டைக்கோஸ் கூட இருமாது. அது ஒன்றுக்காகவே அவள் அந்த இடத்தை உயிராக நினைத்தாள்.

புத்தகத்தைப் புரட்டி அவள் வகை தேர்ந்தெடுத்த அழகே தனி. கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தாள்.

"வெள்ளைக் கத்தரிக்காய். நிறம் சரி, உயரம் பத்தாது. வேண்டாம். உருண்டை வெள்ளரி. முகம் லட்சணமா இருக்கு, ஆனா தரையிலயே படுத்துக் கிடக்குமாம். சோம்பேறி. வேண்டாம். ஊதாப் பட்டாணி. ஊதா நிறத் தோல், உள்ள பச்சை. கொம்பு குடுத்தா ஒரு ஆள் உயரத்துக்கு ஏறும். ஐயோ, இவன்தான்! இவனை முடிச்சிடலாம்."

கணவன் இப்போது இரண்டு கண்ணையும் திறந்தான். "ஏன் எல்லாத்துக்கும் உயரமே பாக்குற? போன வருஷம் நிறம் பாத்தே, அதுக்கு முந்தின வருஷம் ருசி பாத்தே."

காலாட்டம் நின்றது. அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மாமாவுக்காகத்தாங்க. போன அறுவடையில உருளைக்கிழங்கு தோண்டினாரே, அன்னிக்கு நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்தேன். முட்டி போட்டு உக்காந்தவரால எழுந்திருக்க முடியல. சுத்தி முத்தும் பாத்தார், யாராவது இருக்காங்களான்னு. அப்புறம் மண்வெட்டிக் காம்பைப் பிடிச்சு, அதை ஒரு ஆளைக் கெஞ்சற மாதிரி பிடிச்சு, மெதுவா எழுந்தார். நான் தொட்டிக்குப் பின்னாலயே குந்திட்டேன். அவர் போனப்புறம்தான் வெளிய வந்தேன்."

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர் என்று பெயர். "உக்காந்து சம்பாதிச்ச காசு ஒண்ணுகூடக் கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார். அந்த மனுஷரிடம் போய் உங்கள் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. அது வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட அதைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

"அதனால இந்த வருஷம் எல்லாமே ஏறற ஜாதி. பட்டாணி கொம்புல ஏறும், தக்காளி கயித்துல ஏறும், பூசணி பந்தல்ல தொங்கும். குனியவே வேண்டாம். நின்னுக்கிட்டே விதைச்சு, நின்னுக்கிட்டே பறிக்கலாம்."

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தான். தன் தொழில் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அதாவது அப்பா கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டாம். காயெல்லாம் ஏறி அவர் நிக்கற மாடிக்கு வரணும்."

"அதேதான்!"

"அவர்கிட்ட சொல்லிட்டா என்ன?"

"சொன்னா அவ்வளவுதான். மறுநாளே பிடிவாதமா ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கிட்டு வந்து முட்டி போட்டு நடுவார்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மாமனார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இந்த வருஷக் கூட்டத்துல துண்டைத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

மருமகள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். "ஏன் மாமா?"

"ஏன்னா கேக்கற? போன வருஷம் கறுப்புக் கேரட்டுன்னு சொன்னே. கறுப்பும் வரல, கேரட்டும் வரல. அதுக்கு முந்தின வருஷம் ஏதோ சுருட்டை முடிக் கீரைன்னே. பக்கத்துத் துண்டுக்காரன், என்ன அண்ணே பொம்மைக்கு முடி வளக்கறீங்களான்னு கேக்கறான். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ்னு மரியாதையா இருந்த எடம் இப்ப ஃபேஷன் ஷோ ஆயிடுச்சு. என்னால பாக்க முடியல. அந்தச் சலூன்காரர் எத்தனை வருஷமா அதுல துண்டு போட்டு வெச்சுக்கிட்டுக் காத்திருக்கார்! அவராவது ஒழுங்கா வெக்கட்டும்."

சலூன்காரர் என்பவர் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள். ஒவ்வொரு வருஷக் கூட்டத்துக்கும் புது ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்வார். யாராவது தும்மினால் கூட ஆசையாகத் திரும்பிப் பார்ப்பார்.

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். குனிய முடியாத மனுஷருக்குக் கறுப்புக் கேரட் ஒரு சாக்கு. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"சரி மாமா. ஒரே ஒரு புது வகை. தொட்டியில போட்டு பால்கனியில வெக்கறேன். கூட்டத்துக்கு அந்தத் தொட்டியோட வரேன். முளைச்சிருந்தா துண்டு நமக்கு. முளைக்கலைன்னா உங்க இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மாமனாருக்குப் பந்தயம் என்றால் பாயசம் மாதிரி. டக்கென்று கையை நீட்டினார். "பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

மறுநாளிலிருந்து வீட்டில் திருட்டுத்தனம் தொடங்கியது. கணவன் கண்ணாடி மாட்டப் போகிறேன் என்று சொல்லி அப்பாவைக் கூடத்துச் சுவரோரம் நிற்க வைத்து, தோள் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். பிறகு பால்கனியில் உட்கார்ந்து அந்த உயரத்துக்குக் கொம்புகளை வெட்டி, குறுக்கே கம்பி கட்டினான். "கண்ணாடி எங்கடா?" என்று அப்பா கேட்டபோது "ஆர்டர் குடுத்திருக்கேன்" என்றான். "கொம்பு எதுக்கு?" என்றதற்கு "கொடி கட்டித் துணி காயப்போட" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அப்பா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அந்த அறை ஜன்னலில், வெயில் விழும் இடத்தில், அவருடைய பழைய கண்டக்டர் தோல் பை ஆணியில் தொங்கும். அதைத் துடைப்பது ஒன்றுதான் அவருக்கு இப்போது உத்தியோகம்.

பட்டாணி வந்தது. சின்னப் பொட்டலம். பிரித்தால் பதினாலு விதை, அவ்வளவுதான். இந்த வகைக்கு அத்தனை கிராக்கி. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு, அன்று பார்த்துக் குளிர் அடித்துவிட்டால்? மருந்துக்கடை மூளை வேலை செய்தது. ஒரு நாளைக்கு இரண்டு விதை, ஒரு வாரத்துக்கு. எதில் போட்டு வைப்பது? அதற்குத்தான் டப்பா இருக்கிறதே! திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு குட்டி அறை, ஏழு குட்டி மூடி. கடைக்கு மருந்துக் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்த நீல நிற மாத்திரை டப்பா. அதே போல இன்னொன்றில்தான் மாமனாருக்கு வாரா வாரம் சத்து மாத்திரை நிரப்பி வைப்பாள். ஆரஞ்சில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, தினம் இரண்டு. சாப்பிட்டால் நல்லது, சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிற ரகம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமையலறை மேஜையில் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரப்பினாள். கணவன் எங்கேயோ நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து இரண்டு பேரை மீட்கப் போயிருந்தான். அவள் மனசெல்லாம் கோடையில் இருந்தது. பந்தல் முழுக்க ஊதாக் காய், அதன் நடுவே மாமனார் நிமிர்ந்து நின்று டிக்கெட் கிழிப்பது போல ஒவ்வொன்றாகப் பறிக்கிறார். அந்தக் கனவில் மிதந்துகொண்டே மூடிகளைப் பட் பட் என்று மூடினாள். ஒரு டப்பாவை மாமனாரின் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றைப் பால்கனியில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊருக்கெல்லாம் லேபிள் ஒட்டுகிற கை, சொந்த வீட்டில் ஒரு சீட்டு ஒட்டவில்லை.

காலையில் அவள் சீக்கிரம் கடைக்குப் போக வேண்டும். கணவனுக்கு மத்தியான ஷிப்ட். "அந்தந்தக் கிழமை அறையைத் திறந்து ரெண்டையும் ஒரு விரல் ஆழத்துல போட்டு, தண்ணி தெளிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். லிஃப்ட் வேலையில் சொந்தப் புத்தியைக் காட்டினால் யாராவது மூன்றாவது மாடியில் தொங்குவார்கள்.

வாரம் முடிந்தது. டப்பா இரண்டும் காலி. அடுத்த வாரத்துக்கு மாமனாருக்கு மறுபடி மாத்திரை நிரப்பினாள். தொட்டியில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் பொறுமையாக இருந்தாள். பிறகு தொட்டியோடு பேச ஆரம்பித்தாள். "வா ராஜா, வா. வெளிய வந்து ஒரு தடவை பாரு, பிடிக்கலைன்னா திரும்பப் போயிடு." பிறகு தொட்டியைக் கம்பளியால் போர்த்தினாள். தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்து இளஞ்சூடு காட்டினாள். கடையில் ஒரு அம்மாவிடம் "இதைத் தினம் ரெண்டு வேளை, ஒரு விரல் ஆழத்துல..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமனாரோ நாளுக்கு நாள் குஷியாகிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். மேஜையில் உட்கார்ந்தால் "என்னம்மா, உன் பட்டாணி என்ன சொல்லுது?" என்று கேட்பார். "வந்துக்கிட்டே இருக்கு மாமா" என்பாள். "எங்க ரூட்லயும் அப்படித்தான், வராத வண்டியைத்தான் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லுவோம்" என்பார். அவளுக்கு அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருக்கும்.

கூட்டத்தன்று காலை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், மண்ணை மெதுவாகக் கீறினாள். கரண்டி நுனியில் ஏதோ வெள்ளையாக ஏறி வந்தது. பாதி கரைந்து, சொதசொத என்று. நடுவில் மெல்லிதாக ஒரு கோடு.

பட்டாணிக்கு நடுவில் கோடு இருக்காது. பாதியாக உடைப்பதற்கென்று நடுவில் கோடு போட்ட பொருள் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அதை அவள் இருட்டில் தடவிப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவாள்.

"என்னங்க" என்றாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்க விதைச்சது என்ன நிறம்?"

"வெள்ளையில ஒண்ணு, ஆரஞ்சுல ஒண்ணு. களிமண் பூசி அனுப்புவாங்கன்னு நீதானே சொன்னே? ரொம்ப அழகாத்தான் பூசியிருந்தாங்க."

"சத்து மாத்திரையை விதைச்சிருக்கீங்க."

அவன் தொட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அப்ப பட்டாணி?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கூடத்துக்கு அந்தப் பக்கம் மாமனார் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே முகச் சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னம் பளபளவென்று இருந்தது.

மருமகள் தேக்கரண்டியோடு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னாலேயே கணவனும் நுழைந்தான். குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது அவளுக்கு மட்டும் கண்ணீர் அடங்கவில்லை.

"துண்டு போச்சுங்க. நானே என் கையால மாத்திக் குடுத்துட்டேன். கடையில ஒரு நாள் பண்ணாத தப்பு."

"இரு, இரு. சமையலறையில வெங்காயத் தாள் இருக்கு. ரெண்டைத் தொட்டியில செருகிட்டா யாருக்குத் தெரியும்?"

"தோட்டக்காரங்க அறுபது பேர் இருக்கற கூட்டத்துல வெங்காயத் தாளைக் காட்டிப் பட்டாணின்னு சொல்லணுமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற கதை."

"அப்ப என்ன பண்ணப் போற?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "உள்ளதைச் சொல்லிடறேன். பேச்சு மாற மாட்டேன்னு கை குடுத்திருக்கேன்."

வெளியே வந்ததும் முதல் காரியமாக, "மாமா, வயிறு எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஏன், கல்லு மாதிரி இருக்கு" என்றார் அவர். "அதிலயும் அன்னிக்கு ஒரு வாரம் குடுத்தியே மாத்திரை, அது ரொம்ப விசேஷம். அதே கம்பெனியா பாத்து வாங்கு." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது தோல் பையைத் தோளில் மாட்டி, மூடியைத் தாழ்த்தி, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். துண்டைத் திருப்பிக் கொடுக்கும் காகிதம் அதற்குள் இருக்கிறது என்று மருமகள் நினைத்தாள். அவளுக்கு அந்தப் பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தகரக் கொட்டகையில் கூட்டம். மடக்கு நாற்காலிகள், கெட்டிலில் டீ, சுவரில் சாய்த்த மண்வெட்டிகள். தலைவி முன்னாள் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் விசில் அக்கா என்றே பெயர். குழாய்ச் சண்டை, எருக்குழி நாற்றம் எல்லாம் பேசி முடித்து, "யாராவது துண்டு விடறீங்களா?" என்று கேட்டார். கடைசி வரிசையில் சலூன்காரரின் ரப்பர் பூட்ஸ் கீச்சென்றது.

மாமனார் எழுவதற்குள் மருமகள் எழுந்துவிட்டாள். கையில் தொட்டி. எதிரே இருந்தவர்களில் பாதிப் பேர் அவளுடைய வாடிக்கையாளர்கள்.

"எங்க வீட்டுல ஒரு பந்தயம். இந்தத் தொட்டியில என் புதுப் பட்டாணி முளைச்சா துண்டு எங்களுக்கு. முளைக்கலைன்னா மாமா திருப்பிக் குடுத்துடுவார். முளைக்கல. ஏன் முளைக்கலைன்னா..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் டப்பாவை மாத்தி வெச்சுட்டேன். மாமாவோட சத்து மாத்திரையை இவர் விதைச்சுட்டார். என் பட்டாணியை மாமா ஒரு வாரம் வேளா வேளைக்குச் சாப்பிட்டுட்டார்."

கொட்டகையே பெயர்ந்து விழும் போல ஒரு சிரிப்பு. ஒருத்தர் நாற்காலியோடு சாய்ந்தார். "ஏம்மா, நேத்து எனக்குக் குடுத்தது மாத்திரைதானே? இல்ல, நான் படுத்தா முளைச்சிடுவேனா?" என்று ஒரு பெரியம்மா கத்தினார். விசில் அக்கா விசில் ஊதப் பார்த்தார். சிரிப்பில் காற்று வரவில்லை. சலூன்காரர் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றார்.

"அப்ப துண்டு எனக்குத்தானே?"

மாமனார் எழுந்தார். எழும்போது முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கவில்லை.

"பந்தயம் என்னன்னு சரியாச் சொல்லணும். அவ தேர்ந்தெடுத்த விதை முளைக்கணும், அதான் பந்தயம். எங்க முளைக்கணும்னு நாங்க ஏட்டுல எழுதல." பையின் மூடியைத் தூக்கினார்.

பையின் வாயிலிருந்து பச்சைப் பசேலென்று பட்டாணிக் கன்றுகள் எட்டிப் பார்த்தன. சாண் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. இரண்டு கொடி தோல் வாரைப் பிடித்துக்கொண்டு அவர் தோளை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தன. டிக்கெட் கட்டும் சில்லறையும் இருந்த பையில் முழுக்க மண்.

மருமகளுக்குக் கையிலிருந்த தொட்டி நழுவியது. கணவன் பிடித்தான்.

"திங்கக்கிழமை பேப்பர் பாத்துக்கிட்டே வாயில போட்டு முழுங்கிட்டேன். தொண்டையில கொஞ்சம் உருண்டுச்சு, சரி, புதுக் கம்பெனின்னு விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா, மாத்திரை சுருங்கியிருக்கு! மருந்துக்கடைக்காரி குடுத்த பட்டாணியை என்ன பண்றது? ஜன்னல்ல பை தொங்குது. பால்கனி மூலையில மண்ணு மூட்டை இருக்கு. போட்டேன். தினம் ரெண்டு." கூட்டம் கைதட்டியது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். முகம் கொஞ்சம் மாறியிருந்தது. "நின்னுக்கிட்டே விதைச்சேன். நின்னுக்கிட்டே தண்ணி ஊத்தினேன். ஒரு தடவை கூடக் குனியல. அப்பத்தான் எனக்குக் கூடத்துச் சுவத்துல இருக்கற பென்சில் கோடு ஞாபகம் வந்துச்சு. அதுல போய் நின்னு பாத்தேன். என் தோள். அந்தக் கொம்பை எடுத்து அளந்தேன். அதுவும் என் தோள். இன்னி வரைக்கும் அந்தச் சுவத்துக்குக் கண்ணாடி வரல."

லிஃப்ட் மெக்கானிக் கூரையைப் பார்த்தான்.

"எனக்கு முட்டி வலி. ரெண்டு வருஷமா. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஃபேஷன், கறுப்புக் கேரட்டுன்னு மருமக மேல பழியைப் போட்டேன். அவ என்னடான்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, தோட்டத்தையே நான் நிக்கற உயரத்துக்குத் தூக்கப் பாத்திருக்கா." விசில் அக்கா பக்கம் திரும்பினார். "முளைச்சிருக்கா இல்லையா, தலைவி நீங்க சொல்லுங்க."

விசில் அக்காவுக்கு இப்போது காற்று வந்தது. அந்த விசில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். சலூன்காரர் உட்கார்ந்தார். யாரோ அவர் கையில் டீயைக் கொடுத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தோளைத் தட்டினார்கள்.

மருமகள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மாமனாரிடம் போனாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பைக்குள் எட்டிப் பார்த்துக் கன்றுகளை எண்ணினாள். தொழில் புத்தி எங்கே போகும்?

"மாமா, பதினாலு வெச்சேன். பன்னெண்டுதான் இருக்கு."

"திங்கக்கிழமைது ரெண்டும் உள்ள போயிடுச்சேம்மா" என்றார் அவர், அவள் தலையில் கையை வைத்து. "நானும் தினம் தண்ணி குடிச்சுத்தான் பாக்கறேன். முளைச்சா முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்."